கேள்வி – பதில்: விழுந்த மரமும் அதைத் தின்னும் பூஞ்சைகளும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மலைக்காடுகளுக்குப் போய்வந்த வாசகர்களின் கேள்விகளே இம்முறை அதிகம். விழுந்து கிடக்கும் மரத்தில் முளைத்த காளானைப் படம்பிடித்து "இது என்ன?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த மரத்தை ஏன் அப்படியே போட்டு வைக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். தோப்பு, தெரு, தச்சுப்பட்டறை ஆகிய இடங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால் அவற்றுக்கும் சேர்த்தே பதில் தருகிறோம்.

கொடைக்கானல் வாசகர்: சோலைக்காட்டில் விழுந்து கிடந்த மரத்தின் கட்டை வெளுத்து நார்நாராகப் பிரிகிறது. அதே மலையில் பைன் தோப்பில் கிடந்த கட்டை செம்பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிவிடுகிறது. இரண்டும் பூஞ்சையால்தானா?

இரண்டுமே பூஞ்சையின் வேலைதான். மரத்தை அவை தின்னும் முறைதான் வேறு. மரத்தின் உலர் எடையில் 40 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ். சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்து உருவான வெண்ணிற இழை அது. இன்னொரு 20 முதல் 30 சதவீதம் லிக்னின். செல்லுலோஸ் இழைகளை இறுக்கிப் பிடித்து மரத்துக்கு விறைப்பைத் தரும் பழுப்புப் பொருள் இதுதான். மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸ். லிக்னினின் மூலக்கூறு ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடப்பதால் சாதாரண நொதிகளால் அதை வெட்ட முடியாது.

சோலை மரத்தில் நீங்கள் பார்த்தது வெண் அழுகல். இந்த வகைப் பூஞ்சைகள் பெராக்சிடேஸ், லாக்கேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து லிக்னினையே உடைக்கும். பழுப்பு நிறம் தந்த பொருள் போய்விடுவதால் கட்டை வெளுக்கிறது. மிச்சமிருக்கும் செல்லுலோஸ் நார்நாராகப் பிரிகிறது. பின்னர் அந்த நாரும் கரையும். உலகில் லிக்னினை முழுமையாகச் சிதைக்கும் திறன் பெற்றவை முக்கியமாக இந்தப் பூஞ்சைகள்தான்.

பைன் கட்டையில் இருந்தது பழுப்பு அழுகல். இந்தப் பூஞ்சைகள் லிக்னினைச் சற்றே மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் இரும்பையும் வினைபுரிய வைத்து, கடுமையாகத் தாக்கும் ஹைட்ராக்சில் மூலங்களை உண்டாக்கி, அவற்றால் செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டுகின்றன. உள்ளிருந்த இழைகள் அறுந்துபோவதால் கட்டை காயும்போது சுருங்கிக் குறுக்கும் நெடுக்குமாக வெடிக்கிறது. நீங்கள் கண்ட கட்டங்கள் அப்படி வந்தவை. ஊசியிலை மரங்களில் இந்த அழுகல் அதிகம். எடையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாத கட்டத்திலேயே மரம் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். வெளியே நல்லபடியாகத் தெரியும் பைன் உத்தரம் திடீரென்று முறிவதற்கு இதுதான் காரணம்.

இடத்திலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. விரல் நீளச் சிம்பு ஒன்றை எடுத்து வளையுங்கள். நல்ல மரம் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்து முறியும். பழுப்பு அழுகல் தொடங்கிய மரம் கத்தியால் வெட்டியதுபோல் குறுக்கே 'பொட்'டென்று ஒடியும். வெண் அழுகல் பிடித்தது ஈரத்துணி போல வளைந்து நாராகப் பிரியும்.

செங்கோட்டை வாசகி: குற்றால மலைப் பக்கம் ஒரே விழுந்த மரத்தில் ஆரஞ்சு நிறத் தட்டுகள், வெள்ளை விசிறிகள், கறுப்பு விரல்கள் என்று பலவற்றைப் பார்த்தோம். இவற்றை அடையாளம் காண்பது எப்படி?

மேல்புறத்து நிறத்தை நம்பாதீர்கள். வெயிலிலும் மழையிலும் அது மாறிக்கொண்டே இருக்கும். முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஏடு ஏடாக இருக்கிறதா, ஊசிமுனைத் துளைகளா, வழவழப்பா என்பதுதான் முதல் கேள்வி. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும்.

ஆரஞ்சுத் தட்டு பெரும்பாலும் பைக்னோபோரஸ் சாங்குவினியஸ். சில மில்லிமீட்டரே தடிமன், அடியில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் துளைகள். வெயில் படும் கட்டைகளில்தான் வரும். பழசானால் வெளுத்துவிடும். புனல் வடிவில், மெல்லிய தோல் போல, பழுப்பு வளையங்களோடு சிறு கிளைகளில் நிற்பது மைக்ரோபோரஸ் சாந்தோபஸ். அதன் காம்பு கட்டையைத் தொடும் இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டப் பாதம் இருக்கும். அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். வெடிப்புகளிலிருந்து மஞ்சள் கரண்டி வடிவில், வழவழவென்று வரிசையாக எட்டிப் பார்ப்பது டாக்ரியோபினாக்ஸ் ஸ்பாதுலேரியா.

கறுப்பு விரல்கள் சைலேரியா. இளசாக இருக்கும்போது சாம்பல் வெள்ளைப் பொடி பூசியிருக்கும். வெட்டினால் வெளியே கறுப்பு ஓடு, உள்ளே வெள்ளைச் சதை. கரிக்கட்டை உருண்டை போல ஒட்டியிருப்பது டால்டினியா. அதை நறுக்கினால் ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளியும் கறுப்புமான வளையங்கள் தெரியும்.

வெள்ளை விசிறியான ஷைசோஃபில்லம் கம்யூனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். அண்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. வீட்டு வேலியில் நட்ட கழியில்கூட வரும். ஒன்று முதல் நான்கு செ.மீ. அகலம், காம்பு கிடையாது. மேலே சாம்பல் கலந்த வெள்ளை மயிர். அடியில் இளஞ்சிவப்புச் சாயலுள்ள ஏடுகள் ஒரு புள்ளியிலிருந்து விரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஏடும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். காற்று காய்ந்தால் பிளந்த இரு ஓரங்களும் வெளிப்பக்கமாகச் சுருண்டு, வித்து உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும். மழை வந்ததும் திரும்ப விரியும். காய்ந்த ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு லென்ஸும் கையுமாகக் காத்திருங்கள். சில மணி நேரத்தில் ஏடுகள் நிமிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பூஞ்சை கிடையாது.

ஏடுள்ள காளானாக இருந்தால் வித்துத்தூளின் நிறத்தையும் பாருங்கள். குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் ஏடு கீழே இருக்கும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி 6 முதல் 12 மணி நேரம் விடுங்கள். மூடாவிட்டால் காற்றில் தூள் கலைந்துவிடும். நனைந்த குடையாக இருந்தால் தாள் ஊறிப் பதிவு கெடும். மேல்நீரை ஒற்றி எடுத்துவிட்டு வைக்கவும்.

சரணாலயங்களிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுத்துவருவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அங்கே படம் மட்டும் எடுங்கள். வெட்டிப் பார்ப்பதைச் சொந்தத் தோட்டத்துக் கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர் வாசகர்: மரத்தில் வளரும் காளான்களில் விஷம் கிடையாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. கேலரினா மார்ஜினாட்டா என்ற சிறு பழுப்புக் காளான் மக்கிய கட்டையில்தான் வளர்கிறது. கல்லீரலை அழிக்கும் அமடாக்சின் நஞ்சு அதில் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்குவதால், காளான்மேல் சந்தேகம் வருவதற்குள் நேரம் கடந்துவிடும். வெள்ளிக்கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பவை எல்லாம் உயிரோடு விளையாடும் நம்பிக்கைகள். மணிப்பூரில் ஷைசோஃபில்லத்தைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பது உண்மை. அது தலைமுறைகளாக அந்தக் காளானைத் தெரிந்தவர்கள் செய்வது. தெரியாதவர்கள் காட்டுக் காளானைச் சமைக்கவே வேண்டாம். சாப்பிட்டு உடம்பு சரியில்லாமல் போனால் மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கோத்தகிரி ஆசிரியர்: எங்கள் பள்ளி இயற்கை மன்ற மாணவர்கள் ஒரு விழுந்த மரம் மக்குவதை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்ய விரும்புகிறார்கள். எப்படித் தொடங்குவது?

நல்ல முயற்சி. ஒரு மரத்தோடு நிறுத்தாமல் குறைந்தது மூன்றை எடுங்கள். ஒன்று நிழலில், ஒன்று வெயிலில், ஒன்று ஓடைக்கரையில் என்று இருக்கட்டும். குறுக்களவு 20 செ.மீ.க்கு மேலும் நீளம் 2 மீட்டருக்கு மேலும் இருந்தால்தான் பல ஆண்டுகள் தொடரலாம். காப்புக்காடாக இருந்தால் வனச்சரகரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். மரத்தின் வகையும் விழுந்த மாதமும் தெரிந்திருந்தால் பதிவின் மதிப்பு பல மடங்கு கூடும். எண் பொறித்த அலுமினியத் தகட்டை அடித்து வையுங்கள். பெயின்ட் பட்டையோடு உதிர்ந்துபோகும்.

முதலில் கன அளவு. நடுப்பகுதியின் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு. சுற்றளவு 126 செ.மீ. என்றால் குறுக்களவு 40 செ.மீ., அதாவது 0.4 மீட்டர். அதன் வர்க்கம் 0.16. அதை 0.785-ஆல் பெருக்கி, 5 மீட்டர் நீளத்தால் பெருக்கினால் 0.63 கன மீட்டர். கட்டை தரையில் அழுந்தியிருந்து நாடாவை அடியில் நுழைக்க முடியாவிட்டால், புரட்டாமல் இரு பக்கமும் குச்சி நட்டு அகலத்தை மட்டும் அளங்கள்.

அடுத்தது கத்திச் சோதனை. சிறு பேனாக்கத்தியை ஒரே ஆளே, ஒரே அழுத்தத்தில், கட்டையின் ஐந்து இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும். பட்டை முழுதாக இருந்து கத்தி இறங்கவில்லை என்றால் முதல் நிலை. பட்டை கழன்று, கத்தி ஒன்றிரண்டு செ.மீ. வரை இறங்கினால் இரண்டாம் நிலை. அதற்கு மேல் இறங்கியும் நடுவில் கெட்டியாகத் தடுத்தால் மூன்றாம் நிலை. கத்தி முழுவதும் இறங்கி, உருண்டை வடிவம் தட்டையாகியிருந்தால் நான்காம் நிலை. மண்ணோடு கலந்து, பாசியும் நாற்றுகளும் முளைத்துவிட்டால் ஐந்தாம் நிலை. ஒரே மரத்தின் நுனி மூன்றாம் நிலையிலும் வைரம் பாய்ந்த அடிப்பகுதி முதல் நிலையிலும் இருப்பது சாதாரணம். சராசரி எடுக்காமல் ஐந்து இடத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

மூன்றாவது ஈரம். இதுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். 5 செ.மீ. ஆழத்திலிருந்து 100 கிராம் அளவுக்குக் கட்டையை எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, அன்றே எடை போடுங்கள். பிறகு 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மேலும் குறையாமல் ஒரே அளவில் நிற்கும் வரை, ஒன்று அல்லது இரண்டு நாள், உலர்த்துங்கள். போன நீரின் எடையை உலர் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். ஈரத்தில் 90 கிராம், உலர்ந்தபின் 50 கிராம் என்றால் ஈரம் 80 சதவீதம். 20 சதவீதத்துக்குக் கீழே பூஞ்சையால் மரத்தைத் தின்ன முடியாது. மரச்செல் சுவர்கள் நீரால் நிறைவடையும் 28–30 சதவீதத்தைத் தாண்டினால்தான் அழுகல் வேகம் பிடிக்கும். நீர் மிதமிஞ்சினாலும் காற்றுக்கு இடமில்லாமல் பூஞ்சை திணறும். ஓடைக்குள் மூழ்கிக் கிடக்கும் கட்டை பல ஆண்டுகள் கெட்டியாக இருப்பதன் காரணம் இதுதான்.

பிழை வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். மழை பெய்த மறுநாள் மேல்தோலிலிருந்து மாதிரி எடுத்தால் ஈரம் பொய்யாகக் கூடிக் காட்டும். மைக்ரோவேவில் உலர்த்தினால் நடுப்பகுதி கருகி எடை தவறும். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் கட்டையைப் புரட்டினால், மண்ணுக்கும் கட்டைக்கும் இடையே ஓடும் பூஞ்சை இழைகள் அறுந்து, நீங்கள் அளக்க வந்த வேலையே நின்றுவிடும். மாதம் ஒருமுறை ஒரே இடத்திலிருந்து மேலும் கீழும் படம் எடுங்கள். காளான்களைப் பறிக்க வேண்டாம், எண்ணுங்கள்.

கரையான் நுழைந்தால் தனியாகக் குறியுங்கள். ஆறு கண்டங்களில் 133 இடங்களில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், வெப்பநிலை 10 டிகிரி கூடினால் கரையான் மரத்தைக் கண்டுபிடித்துத் தின்னும் வேகம் 6.8 மடங்குக்கு மேல் கூடுகிறது என்று தெரிந்தது. நுண்ணுயிர்களின் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. உங்கள் கோத்தகிரிக் குளிரில் பெரும்பங்கு வேலை பூஞ்சையினுடையது. அதே மரம் மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் கிடந்தால் கரையான் முந்திக்கொள்ளும். அடிவாரப் பள்ளி ஒன்றையும் சேர்த்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டால் அருமையான பதிவாக இருக்கும்.

வால்பாறை வாசகர்: காட்டில் மரங்கள் விழுந்து வீணாக மக்குகின்றன. எடுத்து விறகாகவாவது பயன்படுத்தினால் என்ன? நோய் பரவும், தீப்பிடிக்கும் என்றும் சொல்கிறார்கள்.

வீணாகிறது என்ற சொல்லை நாங்கள் ஏற்கவில்லை. உங்கள் ஆனைமலைக் காட்டிலேயே பாருங்கள். இருவாச்சிக்குத் தன் அலகால் பொந்து குடைய முடியாது. கிளை முறிந்த காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து பெரிய மரத்தின் வைரப்பகுதியை உளுக்கவைத்த பிறகுதான் பெண் பறவை உள்ளே போய் அடைத்துக்கொண்டு முட்டையிட இடம் கிடைக்கிறது. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைவதும் பூஞ்சை இளக்கிய மரத்தையே. மரம் விழுந்தபிறகு அதே கட்டைக்குள் வண்டுப் புழுக்கள், அடியில் மண்புழு, தேள், பூரான், கவசவால் பாம்பு. கோடையில் சுற்றியுள்ள மண் காய்ந்தாலும், மூன்றாம் நிலை தாண்டிய கட்டை நீரைப் பிடித்துவைத்திருக்கும். மரநாற்றுகள் அதன்மேல் முளைப்பதற்கு இந்த ஈரம் ஒரு பெரிய காரணம்.

பூஞ்சைகளுக்கும் ஒரே கட்டையில் வரிசை உண்டு. உயிருள்ள மரத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் காத்திருந்தவை முதலில் வேலையைத் தொடங்கும். பிறகு ஷைசோஃபில்லம், பைக்னோபோரஸ் போன்ற வெயில் தாங்கிகள். அதன்பின் டிராமிட்டஸ், கானோடெர்மா போன்ற தட்டுக் காளான்கள். கடைசியில் மைசீனா போன்ற மெல்லிய குடைக் காளான்கள். ஐந்தாம் நிலைக் கட்டையில் மட்டுமே வாழும் இனத்துக்குப் புதிதாக விழுந்த மரம் உதவாது. அதனால்தான் எல்லா வயதுக் கட்டைகளும் ஒரே காட்டில் கிடக்க வேண்டும். போலந்து–பெலாரஸ் எல்லையிலுள்ள பியாலோவியேஷா காட்டின் வெட்டப்படாத பகுதியில் ஹெக்டேருக்கு 100 கன மீட்டருக்கு மேல் இறந்த மரம் கிடக்கிறது. மற்ற ஐரோப்பியக் காடுகளில் பெரும்பாலும் அது 20-ஐக்கூட எட்டாது. மற்ற இடங்களில் மறைந்த பல பூஞ்சைகள் அங்கே இன்னும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நோய் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. விழுந்த கட்டையைத் தின்னும் பூஞ்சைகளில் பலவற்றால், பட்டை முழுதாக உள்ள ஆரோக்கியமான மரத்துக்குள் நுழைய முடியாது. பல இனம் கலந்த காட்டில் ஒன்றைத் தாக்குவது பக்கத்து மரத்தைத் தாக்குவது அரிது. தீயைப் பரப்புவது காய்ந்த புல், சருகு, உண்ணிச்செடி. ஈரம் ஊறிய பருத்த கட்டை எளிதில் பற்றாது.

மக்கும் கட்டை கரியமில வாயுவை விடுகிறது என்பது உண்மைதான். ஆறு கண்டங்களில் 55 இடங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, உலகக் காடுகளில் இறந்த மரங்களிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,090 கோடி டன் கார்பன் வெளியாகிறது என்று மதிப்பிட்டது. ஆனால் கட்டை அதை ஆண்டுக்கணக்கில் மெல்ல விடுகிறது. ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. பழுப்பு அழுகலில் எஞ்சும் லிக்னின் நெடுங்காலம் நிற்கும். அதே கட்டையை அடுப்பில் வைத்தால் எல்லாம் ஒரே மாலையில் போய்விடும்.

விறகை நம்பி வாழ்பவர்களைக் குறை சொல்ல மாட்டோம். உரிமையுள்ள இடங்களில் கை மணிக்கட்டுத் தடிமனுக்குக் கீழான சுள்ளிகளை எடுத்துக்கொள்ளட்டும். 20 செ.மீ.க்கு மேல் பருத்த கட்டைகளையும் நின்றபடியே பட்டுப்போன மரங்களையும் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பாதையில் விழுந்தால் குறுக்கே இருக்கும் துண்டை மட்டும் அறுத்து ஓரமாக உருட்டிவிட்டால் போதும். மொத்த மரத்தையும் லாரியில் ஏற்ற வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பு மாணவி, திருச்சி: பூஞ்சை மரத்தை மட்டும்தான் சாப்பிடுமா?

மரத்தில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை, நைட்ரஜனுக்குத்தான் பஞ்சம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 300 பங்கிலிருந்து 1,000 பங்கு வரை கார்பன் இருக்கும். அதனால் நீங்கள் வீட்டில் சாப்பிடும் சிப்பிக் காளான் காட்டில் வேட்டையும் ஆடுகிறது. அதன் இழைகளில் நுண்ணிய குமிழ் முனைகள் உண்டு. நூற்புழு என்ற நுண்ணிய புழு ஒன்று உரசினால் குமிழ் உடைந்து 3-ஆக்டனோன் என்ற நஞ்சு வெளிவரும். புழு சில நிமிடங்களில் முடங்கிவிடும். பிறகு இழைகள் புழுவுக்குள் புகுந்து அதிலிருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும்.

கன்னியாகுமரி மாவட்ட வாசகர்: மழைக்கால இரவில் காட்டுப் பாதையோரக் குச்சி ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. அது பூஞ்சையா?

ஆம். அசைவில்லாமல், விட்டு விட்டு மின்னாமல், சீராகப் பச்சை ஒளி வந்தால் அது பூஞ்சைதான். மின்மினிப் புழுவாக இருந்தால் நகரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர், கோவா, கேரளக் காடுகளில் ஒளிரும் மைசீனா வகைகள் பதிவாகியுள்ளன. காசர்கோடு மாவட்டம் ராணிபுரத்தில் ஃபைலோபொலீட்டஸ் மணிப்புலாரிஸ் காணப்பட்டது. மேகாலயாவில் காய்ந்த மூங்கிலில் வளரும் ரோரிடோமைசஸ் ஃபில்லோஸ்டாகிடிஸ் 2020-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அதில் காம்பு மட்டும் ஒளிர்கிறது.

பூஞ்சைக்குள் இருக்கும் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது 520–530 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வருகிறது. பிரேசிலில் ஓர் ஒளிரும் காளானை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவுப்படி, அந்த ஒளி இரவில் கூடி, பூச்சிகளை ஈர்க்கிறது. பூச்சிகள் வித்தைச் சுமந்து செல்ல உதவலாம். எல்லா இனத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

பார்க்க விரும்பினால் நிலவில்லாத இரவில், இரண்டு மூன்று நாள் தொடர் மழைக்குப் பின், டார்ச்சை அணைத்துவிட்டுக் கால் மணி நேரமாவது இருட்டில் நில்லுங்கள். இடையில் யாராவது செல்போன் திரையைத் திறந்தால் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். படம் எடுக்க முக்காலி, 30 வினாடி, ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8 என்று தொடங்குங்கள். யானை நடமாடும் காடுகளில் வனத்துறை ஆள் துணையின்றி இரவில் போகவே கூடாது.

சென்னை வாசகி: எங்கள் தெருவில் உயிரோடு நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் பெரிய பழுப்புத் தட்டுக் காளான் முளைத்திருக்கிறது. வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. வெளியே தெரிவது காய் மாதிரி. மரத்தைத் தின்னும் இழைகள் வேருக்குள்ளும் அடிமரத்துக்குள்ளும் பல ஆண்டுகளாக இருந்திருக்கும். வேர்க்கழுத்தில் வரும் இந்தத் தட்டு பெரும்பாலும் கானோடெர்மா. எடுத்துவிட்டால் எச்சரிக்கைப் பலகையை நீங்களே கழற்றியதாகும். அதை விட்டுவைத்து, மரத்தைச் சோதியுங்கள். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டுங்கள். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே வெற்றிடம். மரம் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ உயர்ந்தோ இருந்தால் அன்றே மாநகராட்சிக்குத் தெரிவியுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று வரை காத்திருக்க வேண்டாம்.

உள்ளே வெற்றிடம் இருப்பதாலேயே மரத்தை வெட்டவேண்டியதில்லை. சுற்றிலும் கெட்டியான சுவர் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா என்பது நிபுணர்கள் பார்க்கும் ஒரு தோராய அளவு. 60 செ.மீ. குறுக்களவுள்ள மரத்துக்குச் சுமார் 10 செ.மீ. வேர் அழுகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

பொந்தில் சிமென்ட் அடைப்பது, வெட்டுக்காயத்தில் தார் பூசுவது இரண்டுமே கெடுதல். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1977-இல் விளக்கியது இதுதான்: மரம் அழுகிய திசுவைப் புதுப்பிப்பதில்லை, அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துவைக்கிறது. சிமென்ட் உரசினால் அந்தச் சுவர் உடையும். தார் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். கிளையை அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டாமல், கிளை தொடங்கும் இடத்தில் உள்ள தடித்த வளையத்துக்கு வெளியே வெட்டுங்கள். அடிமரத்தைச் சுற்றிப் பூசிய கான்கிரீட்டையும் அகற்றச் சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டை விவசாயி: 2018 கஜா புயலில் விழுந்த தென்னைகளின் அடிக்கட்டைகளை அப்படியே விட்டோம். இப்போது நின்ற மரங்களில் அடியிலிருந்து செம்பழுப்பு நீர் வடிகிறது. காட்டில் விழுந்த மரத்தை விடச் சொல்கிறீர்களே, தோப்பிலும் விடலாமா?

தோப்பில் விடக்கூடாது. காட்டில் பல இனங்கள் கலந்து நிற்கின்றன. தோப்பில் ஒரே இனம், ஏழெட்டு மீட்டர் இடைவெளியில், வேரோடு வேர் உரசி நிற்கிறது. கானோடெர்மா ஒரு கட்டையிலிருந்து அடுத்த மரத்துக்கு வேர் வழியாகவே நடந்துபோகும். 1952-இல் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற நோய் இதுதான். போதாததற்கு மக்கிய தென்னங்கட்டை காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம்.

இறந்த மரத்தையும் கட்டையையும் வேரோடு தோண்டி எடுத்து எரியுங்கள். நோய் கண்ட மரத்தைச் சுற்றி 4 அடி தள்ளி, 2 அடி ஆழம் 1 அடி அகலத்தில் தனிமைப்படுத்தும் குழி எடுங்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நீர் பாயும் வாய்க்கால் பாசனத்தை நிறுத்தி, தனித்தனிப் பாத்தி அல்லது சொட்டுநீருக்கு மாறுங்கள். ஆண்டுக்கு மரத்துக்கு 50 கிலோ தொழுவுரமும் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இடுங்கள்.

ஒரு மரத்துக்கு 40 லிட்டர் ஒரு சத போர்டோ கலவையை வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும். அதற்கு 400 கிராம் மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) 20 லிட்டர் நீரிலும், 400 கிராம் நீற்றாத சுண்ணாம்பை 20 லிட்டர் நீரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். துரு இல்லாத சாதாரண இரும்பு ஆணியை ஒரு நிமிடம் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் அதிகம், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்திவிடுங்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இடும் எண்ணம் இருந்தால் போர்டோவோடு சேர்த்து இடாதீர்கள், தாமிரம் அதைக் கொன்றுவிடும். சில வாரம் இடைவெளி விடுங்கள். ஓலைகள் தொங்கி, அடியில் தட்டுக் காளான் வந்துவிட்ட மரத்தைக் காப்பாற்றுவது கடினம். பணத்தைப் பக்கத்து மரங்களைக் காப்பதில் செலவிடுங்கள்.

காரைக்குடி தச்சர்: மழையில் கிடந்த மாமரத்தை அறுத்தபோது பலகை முழுக்கப் பேனாவால் வரைந்தது போலக் கறுப்புக் கோடுகள். மரம் கெட்டுவிட்டதா?

கோடு கெடுதல் செய்யாது. ஒரே கட்டைக்குள் இரண்டு பூஞ்சைகள் எதிரெதிரே வளர்ந்து சந்தித்த இடத்தில், ஒன்றையொன்று தடுக்க மெலனின் என்ற கறுப்புப் பொருளால் கட்டிய எல்லைச் சுவர் அது. ஒரே இனத்தின் இரு தனிப் பூஞ்சைகளுக்கு இடையிலும் வரும். கோட்டுக்கு ஒரு பக்கம் மரம் வெளுத்தும் மறுபக்கம் நிறம் மாறாமலும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெளிநாடுகளில் கடைசல்காரர்கள் இதற்காகவே கட்டையை ஈர மரத்தூளில் புதைத்து வைக்கிறார்கள்.

பலகையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாவிட்டால் தட்டு, கிண்ணம், பெட்டி மூடி போன்றவற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். நாற்காலிக் கால், உத்தரம் போன்ற பாரம் தாங்கும் வேலைக்கு வேண்டாம். பலகைகளுக்கிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்தி, ஈரத்தை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் பூஞ்சை வேலை நின்றுவிடும். ஆனால் பூஞ்சை சாகாமல் உறங்கும், மறுபடி நனைந்தால் எழுந்துகொள்ளும். எனவே எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசுங்கள், அடிப்பக்கத்தை விட்டுவிட வேண்டாம். உப்புத்தாள் போடும்போது தூசி மிக நுண்ணியதாகப் பறக்கும். மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் இல்லாமல் அந்தப் பலகையில் கை வைக்காதீர்கள்.